கடைப்பிடி: நாம் கைவிட்ட ஒரு பெயர்

இலங்கையின் ஊவா மாகாணத்து ஊரான தெமோதரை என்பது சிங்களப் பெயர். 'தெ' என்றால் இரண்டு, 'மோதர' என்றால் ஆற்றின் வாய், நீர் வந்து கலக்கும் இடம். கொழும்பில் சிங்களவர் மோதர என்று சொல்லும் பகுதியைத் தமிழர் முகத்துவாரம் என்கிறோம். முகத்துவாரம் தேய்ந்ததுதான் மோதர. ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நமக்குப் பழக்கமான சொல்லே இருக்கிறது. ஈற்றில் ஓர் ஐகாரத்தைச் சேர்த்துத் தோட்டத்து மக்கள் அதைத் தங்கள் வாய்க்கு வசப்படுத்திக்கொண்டார்கள்.

ஊவாவில் இரண்டு மொழிகளும் ஒரே பொருளை இரு பக்கமிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் சொற்கள் பல உண்டு. அவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, எழுகிற எண்ணங்களை எதிர்க்காமலும் பின்தொடராமலும் பார்த்துக்கொண்டிருந்து மனத்தை அமர விடும் பயிற்சிக்கான பெயர். இன்று அதை ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்கிறார்கள். தமிழில் பெயர் இல்லாததுபோலத் தடுமாறுகிறோம்.

பாளியில் அதன் பெயர் 'சதி'. வடமொழி 'ஸ்மிருதி' என்பதன் பாளி வடிவம் அது. நேர்ப்பொருள் ஞாபகம். அந்தச் சொல்லே சிங்களத்தில் 'சிஹி' ஆயிற்று. பதுளைப் பக்கத்துச் சிங்கள வீட்டில் 'சிஹி கரனவா' என்றால் நினைவுகூர்தல். ஒருவர் மயங்கி விழுந்தால் 'சிஹி' போய்விட்டது என்பார்கள். முதியங்கனை விகாரையில் பிக்கு தியானம் சொல்லித்தரும்போதும் அதே 'சிஹி'தான். ஞாபகம், உணர்வோடிருத்தல், தியான விழிப்பு மூன்றுக்கும் அன்றாடச் சொல் ஒன்றே.

தமிழில் 'நினைவு' அப்படியே நடக்கிறது. பழையது நினைவுக்கு வருகிறது, அடிபட்டவருக்கு நினைவு தப்புகிறது. 'நெனவா வாங்கிட்டு வாங்க' என்று கடைக்குப் போகிறவரிடம் சொல்கிறோம். கொழுந்து மலையில் கை தவறி முற்றின இலையைப் பறித்தால், 'நெனப்ப எங்க வச்சிருக்க?' என்று கங்காணி கேட்பார். கேள்வி பழைய ஞாபகத்தைப் பற்றியதல்ல. கை இங்கே இருக்கிறது, மனம் எங்கே என்பதுதான் அது. நிகழ்காலத்தைக் கவனிக்கும் பயிற்சிக்கு ஞாபகம் என்ற பெயர் எப்படி வந்தது என்ற கேள்விக்கும் இதற்குள்ளேயே விடை இருக்கிறது. மனம் அலையும்போது நாம் மறப்பது நேற்றைய செய்தியை அல்ல. இப்போது இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதையே மறக்கிறோம். அந்த மறதி நீங்கும் கணம்தான் சதி.

ஐரோப்பியர்களுக்கு இது எளிதில் பிடிபடவில்லை. இலங்கையில் இருந்த வெஸ்லியன் பாதிரியார் கோகர்லி, 1840களில் பௌத்தத்தின் எண்வகை மார்க்கத்தில் ஏழாம் உறுப்பான சதியைச் சரியான தியானம் என்று பெயர்த்தார். 1881இல் ரைஸ் டேவிட்ஸ் தம் மொழிபெயர்ப்பில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்பதைப் பயன்படுத்தினார். அவரும் இலங்கையை அறிந்தவர். இங்கே சிவில் சேவை அதிகாரியாக இருந்தபோதுதான் ஒரு பிக்குவிடம் பாளி கற்றார். உலகெங்கும் இன்று புழங்கும் ஆங்கிலப் பெயருக்கு முன்கதை இந்தத் தீவில்தான் நடந்திருக்கிறது.

பின்கதையில் ஒரு பகுதி ஊவாவிலேயே நடந்தது. பதுளை ரயில் பாதையில், தெமோதரைக்கு மேலே, பண்டாரவளைக்கு முந்திய நிலையம் தியத்தலாவை. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு ஜெர்மானியர்களைப் பிடித்து அங்கிருந்த முகாமில் அடைத்தது. அவர்களுள் பௌத்த பிக்குகளான ஞானதிலோக தேரரும் அவருடைய மாணவர் ஞானபோனிக தேரரும் இருந்தார்கள். ஞானதிலோகருக்கு அது புதிதல்ல. முதல் உலகப் போரிலும் அவரைத் தியத்தலாவையில் வைத்திருந்துதான் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். ஞானபோனிகர் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், ஹிட்லரின் ஆட்சி நடந்துகொண்டிருந்த நாட்டைவிட்டு 1936இல் இலங்கைக்கு வந்தவர். யூதர் என்பதற்காக அங்கே வாழ முடியாதவரை ஜெர்மானியர் என்பதற்காக இங்கே அடைத்தார்கள். பின்னர் இருவரையும் இந்தியாவில் டேராடூன் முகாமுக்கு மாற்றி 1946 வரை வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளை ஞானபோனிகர் பாளி நூல்களை மொழிபெயர்ப்பதில் செலவிட்டார். சதியை நிலைநிறுத்துவதான சதிபட்டானத்தை விளக்கி அவர் எழுதிய ஆங்கில நூல் 1954இல் கொழும்பில் வெளியானது. மேற்குலகில் இந்தப் பயிற்சியைப் பரப்பிய ஆசிரியர்கள் பலர் அதைப் படித்து வளர்ந்தவர்கள். அந்த நூலின் மையக் கருத்து எளிமையானது. வருகிற எண்ணத்தோடு நம் விருப்பு வெறுப்பைச் சேர்க்காமல், வந்ததை வந்ததாக மட்டும் அறிந்துகொள்வது. முள்வேலிக்குள் வாழ்ந்த ஒருவர் இதைச் சொல்லும்போது நான் கூடுதல் மரியாதையோடு கேட்கிறேன்.

இதற்குத் தமிழில் பெயர் இருந்ததா? இருந்தது, பெயர் 'கடைப்பிடி'. எண்வகை மார்க்கத்தைத் தமிழில் எழுதியவர்கள் நற்காட்சியில் தொடங்கி, நன்முயற்சிக்கு அடுத்து 'நற்கடைப்பிடி' என்று வைத்தார்கள். இன்றைய வாசகர் அந்த இடத்தில் குழம்பிப்போவார். விதிமுறைகளைக் கடைப்பிடிக்கவும், வரிசையைக் கடைப்பிடிக்கவும் என்று அறிவிப்புப் பலகைகளில் பார்த்துப் பழகிய சொல்லுக்குத் தியானத்தில் என்ன வேலை என்று தோன்றும்.

பழந்தமிழில் அது வேறு உயரத்தில் இருந்தது. ஆண்மகனுக்குரிய நான்கு குணங்களாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்பவற்றைச் சொல்வார்கள். இறையனார் களவியலுக்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரை ஒவ்வொன்றுக்கும் பொருள் கூறுகிறது. அங்கே கடைப்பிடிக்குத் தரப்படும் விளக்கம், தான் கொண்ட பொருளை மறவாதிருத்தல் என்பது. சதிக்கு இதைவிட நெருக்கமான விளக்கத்தைப் பாளி அகராதியிலும் தேடிப் பெற முடியாது. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமார்க்கத்தை எழுதிய புத்தகோசரும் சதியின் தொழில் மறவாமை என்றே வரையறுக்கிறார். நட்ட தூண்போல் உறுதியானது என்றும், கண் முதலிய வாயில்களைக் காக்கும் காவலன் என்றும் மேலும் சொல்கிறார். கடை என்றால் முடிவு, வாயில் என்ற பொருளும் உண்டு. பிடியில் உறுதி இருக்கிறது. காஞ்சியோடு தொடர்புடையவராகச் சொல்லப்படும் அவர் இந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்பது என் ஆசை. சான்றாகக் கொள்ள வேண்டாம்.

பெண்களுக்கு நாணம், மடம், அச்சம், பயிர்ப்பு என்று பிரித்துக் கொடுத்து, மறவாமையை ஆண்களுக்கு ஒதுக்கிய அந்தப் பட்டியலை என்னால் ஏற்க முடியாது. ஊவாத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகப் பார்த்துக் கிள்ளும் விரலுக்கு, நாள் முழுதும் கொண்ட பொருளை மறவாமை வேண்டும். அதற்காகக் கொழுந்து எடுப்பதே தியானம் என்று சொல்லத் துணிய மாட்டேன். மழை, அட்டை, நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் என்ற நெருக்கடிகளுக்கிடையே நடக்கும் உழைப்பு அது. அதைத் தியானம் என்று அழகுபடுத்துவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி. அவர்களுக்கும் ஓய்ந்து உட்கார அரைமணி நேரம் வேண்டும், அப்போது அவர்கள் மொழியிலேயே அந்தப் பயிற்சியின் பெயர் கிடைக்க வேண்டும் என்பதே என் கவலை.

திருக்குறளும் இங்கே துணைக்கு வருகிறது. 54ஆம் அதிகாரத்தின் பெயர் 'பொச்சாவாமை'. பொச்சாப்பு என்றால் மறதி, அதிலும் மகிழ்ச்சியின் களிப்பில் வரும் சோர்வு. துன்பத்தில் மனம் தடுமாறுவது எல்லோருக்கும் தெரியும், நல்ல நாளில் மனம் நம்மை ஏமாற்றுவதை வள்ளுவர் தனியே ஓர் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். தம்மபதத்தின் இரண்டாம் பகுதியும் மறவாது விழித்திருத்தலையே பொருளாகக் கொண்டது.

இவ்வளவு இருந்தும் இன்று புழங்கும் மொழிபெயர்ப்புகள் மெலிந்திருக்கின்றன. 'நினைவாற்றல்' என்றால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வேண்டியது. 'விழிப்புணர்வு' டெங்கு ஒழிப்பு ஊர்வலங்களுக்குப் போய்விட்டது, திரும்பி வராது. 'கவனம்' நல்ல சொல், ஈழத்தில் ஒருவரை வழியனுப்பும்போது அன்போடு சொல்வதும் அதுதான். ஆனால் அதை வடமொழிக் 'கமனம்' என்பதோடு, அதாவது செல்லுதலோடு தொடர்புபடுத்துவார்கள். கன்னடத்தில் இன்றும் கவனத்துக்குக் 'கமன' என்றே பெயர். மனம் ஒன்றை நோக்கிப் போவது கவனம். சதி போவதல்ல, தங்குவது. 'நினைவு' உயிருள்ள சொல்தான், எனினும் அதில் ஒரு சிக்கல் உண்டு. பார்க்கப்படும் எண்ணமும் நினைவு, பார்க்கும் விழிப்பும் நினைவு. பழையவர்கள் கடைப்பிடி என்ற தனிச்சொல்லை எடுத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன்.

பயிற்சிக்கு வந்தால் சொல்லின் பயன் புலப்படும். உட்கார்ந்து மூச்சு போய்வருவதைக் கொண்ட பொருளாக வைத்துக்கொள்கிறோம். சற்று நேரத்தில் கடன் நினைவு வரும், மகளின் கல்யாணம் வரும், பத்து வருடத்துக்கு முன் ஒருவர் பேசிய சுடுசொல் வரும். அதை விரட்டினால் இரண்டு மடங்காக வரும், பின்னே போனால் பதுளை வரை கொண்டுபோய் விடும். சதிபட்டான சூத்திரத்தின் மூன்றாம் பகுதி காட்டும் வழி வேறு. ஆசையுள்ள மனத்தை ஆசையுள்ளது என்று அறி, சிதறிய மனத்தைச் சிதறியது என்று அறி, அவ்வளவே. அறிந்ததும் கொண்ட பொருளுக்குத் திரும்பிவிடு. சிதறாமல் இருப்பது பயிற்சியின் நோக்கம் என்று பலர் நினைத்து, இரண்டு நாளில் தோற்றுவிட்டதாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். சிதறியதைக் கண்டுகொண்ட நொடியே கடைப்பிடி. நூறு முறை சிதறினால் நூறு முறை அது கிடைக்கிறது.

மனம் அமர்வது அதன் பின்விளைவு. மழை நாளில் பீலியிலிருந்து பிடித்த கலங்கல் தண்ணீரைக் குடத்தில் அப்படியே வைத்தால் மண் தானாக அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். தெளிவு என்று நாம் அறிவுக்குச் சொல்லும் சொல்லே அந்தத் தண்ணீரிலிருந்து வந்ததுதான்.

தமிழில் தியானம் கற்பிப்பவர்களுக்கும், மலையகப் பாடசாலைகளில் உளவளத் துணை செய்யும் ஆசிரியர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுச்சொல் செய்வதை நிறுத்துங்கள். பேச்சில் 'நெனவா இருங்க' என்று தொடங்குங்கள், அது லயத்து வீட்டில் எல்லோருக்கும் புரியும். எழுத்தில் 'கடைப்பிடி' என்று எழுதி, கொண்ட பொருளை மறவாதிருத்தல் என்ற பழைய பொருளைப் பக்கத்தில் தாருங்கள்.