சன்னத்தின் ஆழமும் அளவின் அதிகாரமும்: றைபிள் தோட்டாவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1860ஆம் ஆண்டின் இறுதியிலும் 1861ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பிரெடரிக் ஏங்கெல்ஸ், லங்காஷயர், செஷயர் பகுதித் தொண்டர் படையினருக்கென வெளிவந்த ஏடொன்றில் ‘றைபிளின் வரலாறு’ என்னும் கட்டுரைத்தொடரை எழுதினார். அவரது நூல்களைப் பயில்வோருட் பெரும்பாலானோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. படைத்துறையில் அவருக்கிருந்த தனிப்பட்ட ஆர்வத்தின் விளைவென்று ஒதுக்கிவிடுவர். ஆனால் 1866 ஜூலையில் மார்க்ஸ் அவருக்கு எழுதிய கடிதமொன்றில், உழைப்பின் ஒழுங்கமைப்பை உற்பத்திச் சாதனங்களே நிர்ணயிக்கின்றன என்னும் கோட்பாட்டுக்கு மனிதரைக் கொல்லும் கைத்தொழிலைவிடச் சிறந்த சான்று வேறுண்டோ என வினவியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. துவக்கு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே மனம் விலகிக்கொள்ளும் அனுபவம் எமது மக்களுக்கு உண்டு. அவ்வனுபவம் நியாயமானதே. ஆயினும் அதன் காரணமாக இக்கைத்தொழிலின் வரலாற்றை ஆயுத வணிகரிடமும் பொழுதுபோக்காளரிடமும் விட்டுவிடுவது ஆய்வாளருக்கு அழகன்று.

நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பிரச்சினை மிகச் சிறியது. ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளில், இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர் பலர், சுட்டுக் கழிந்த பித்தளைக் கோதுகளைச் சேகரித்து, புதிய எரியூட்டியும் மருந்தும் சன்னமும் இட்டு, தமது தோட்டாக்களைத் தாமே மீள நிரப்பிக்கொள்கின்றனர். அவர்களுடைய தீராத கவலைகளுள் ஒன்று, சன்னம் கோதினுள் எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருக்கிறது என்பதாகும். சன்னம் முன்னே நீண்டு, குழலின் உட்புறத்துச் சுருள்வரிகளின் மேடுகளை முட்டிநின்றால் அமுக்கம் உயரும். அளவுக்கு மிஞ்சி உள்ளே அமிழ்ந்தால், மருந்து எரிவதற்கான இடம் சுருங்கி, அப்பொழுதும் அமுக்கம் உயரலாம். இவ்விரண்டு எல்லைகளுக்குமிடையே, தமது துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் ஓரிடத்தை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பகுதிவரை அவர்கள் தேடுகின்றனர். இச்சிறு இடைவெளியை அளக்கும் அறிவு எங்கிருந்து வந்தது, யாருடைய கைகளினூடாக வந்தது என்பதே எமது வினா.

வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக் காலத்தில் ஆழத்தை அளந்தது திணிகோல். மருந்தின்மேற் குண்டு முற்றாக அமர்ந்ததும் கோலின் எந்த இடம் குழல்வாயோடு ஒத்துநிற்கிறதோ அந்த இடத்தில் வேட்டைக்காரன் ஒரு கோடு கீறிக்கொள்வான். அடுத்த முறை கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் குண்டு இடைவழியில் நிற்கிறதென்று பொருள். அந்நிலையிற் சுட்டாற் குழலே வெடிக்கக்கூடும். அவனுடைய உயிர் அக்கோட்டிற் தங்கியிருந்தது. அக்கோட்டைக் கீறியவனும் அவனே.

படைகளின் தேவை வேறு. ஆயிரக்கணக்கான போர்வீரர் விரைவாகவும் ஒரேவிதமாகவும் மருந்திட வேண்டியிருந்தது. பிரான்சில் டெல்வின் என்னும் படையதிகாரி குழலின் அடியில் ஒடுங்கிய மருந்தறையை அமைத்து, அதன் விளிம்பிற் குண்டு தங்குமாறு செய்தார். அவருக்குப் பின் தூவனன் குழலடியில் உருக்குத் தண்டொன்றை நட்டு, மருந்து அதனைச் சூழ்ந்திருக்கக் குண்டு அதன் தலையில் தங்குமாறு செய்தார். இரண்டிலும் ஆழம் இயந்திர அமைப்பினாலேயே நிர்ணயிக்கப்படுகிறது. வீரனின் கணிப்புக்கு அங்கு வேலை இல்லை. 1840களின் இறுதியில் மினியே அமைத்த, வெடியமுக்கத்தால் அடிப்புறம் விரியும் சன்னம் விளிம்பையும் தண்டையும் தேவையற்றனவாக்கிற்று. இந்த வரிசையை ஏங்கெல்ஸ் தமது கட்டுரைகளில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மினியே முறையைத் தழுவிய 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் றைபிளே இந்தியச் சிப்பாய்களின் கைக்கு வந்தது. சன்னம் குழலின் அடிவரை தடையின்றி இறங்குவதற்காகக் காகிதத் தோட்டாவின் சன்னப்பகுதிக்குக் கொழுப்புப் பூசப்பட்டது. 1857 ஜனவரியில், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலைத் தொழிலாளி ஒருவரே அக்கொழுப்புப் பற்றிப் பிராமணச் சிப்பாய் ஒருவருக்குச் சொன்னார் என அக்கால அறிக்கைகள் கூறும். 1857இன் எழுச்சியைக் கொழுப்புக்குள் அடக்கிவிட முயலும் வரலாற்றாசிரியருடன் எமக்கு உடன்பாடில்லை. நிலவரியும் இணைப்புக் கொள்கையும் இல்லாது அவ்வெழுச்சி இல்லை. ஆனால் தோட்டாவினுள் என்ன இருக்கிறது என்பதை அறிந்திருந்தவன் அதனைச் செய்த தொழிலாளியே என்பது கவனிக்கத்தக்கது.

இனி அளவுக் கருவியின் வரலாற்றுக்கு வருவோம். ஒரு பொருள் குறித்த அளவுக்கு ஒத்துள்ளதா என்று சோதிக்கும் கருவியை எமது பாடநூல்கள் ‘கணிச்சி’ என்கின்றன. ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க துப்பாக்கி உறுப்புகளை முதலிற் செய்தவர் எலை விற்னி என்று அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்கள் நீண்டகாலம் கற்பித்தன. 1960இல் றொபேட் வூட்பரி இதனை ஒரு பழங்கதையென நிறுவினார். அதற்கு முன்னரே பிரான்சில் ஒனொரே பிளாங் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தார். 1785இல் அவரது பட்டறையைப் பார்வையிட்ட ஜெபர்சன் அதனை வியந்து எழுதியுள்ளார். தனிமனித மேதைமை பற்றிய கதைகளில் முதலாளித்துவ வரலாற்றெழுத்துக்கு உள்ள மோகத்துக்கு விற்னி நல்ல உதாரணம். இயந்திரங்களாற் செய்த உறுப்புகள் உண்மையாகவே ஒத்துப்போகும் நிலையை எய்தியவர் ஹார்ப்பர்ஸ் பெரி அரச ஆயுதசாலையில் 1819 முதல் பணியாற்றிய ஜோன் ஹோல் ஆவார். அவரது றைபிளின் உறுப்புகளைச் சோதிக்க 63 கணிச்சிகள் பயன்படுத்தப்பட்டன. தொழிலாளிக்கு ஒரு தொகுதி, பரிசோதகருக்கு ஒரு தொகுதி, அவ்விரண்டையும் சரிபார்க்கும் மூலத்தொகுதி வேறு.

ஹோலின் முறையில் எம்மைக் கவர்வது எண்ணிக்கை அன்று. ஓர் உறுப்பில் ஒவ்வொரு வெட்டையும் முந்திய வெட்டிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் ஒன்றன்மேலொன்றாகக் குவியும் என்பதை அவர் கண்டார். ஆகவே எல்லா அளவுகளையும் ஒரே நிலையான புள்ளியிலிருந்து தொடங்கினார். எவ்வளவு என்பதற்கு முன்னர் எங்கிருந்து என்பது தீர்மானிக்கப்படவேண்டும். பட்டறையிலே இத்தீர்மானம் முன்பு கைவினைஞனுடையதாக இருந்தது. அரத்தால் அராவி, பொருத்திப் பார்த்து, மீண்டும் அராவி, ஓர் உறுப்பை மற்றதனோடு இணக்கியவன் அவன். இப்பொழுது தொடக்கப்புள்ளி மூலத்தொகுதி வைக்கப்பட்ட பெட்டிக்குட் போய்விட்டது. தமது இயந்திரங்களைச் சிறுவரே இயக்கலாம் என ஹோல் பெருமையுடன் கூறியமை தற்செயலானதன்று.

இம்மாற்றம் அமைதியாக நிகழவில்லை. ஹார்ப்பர்ஸ் பெரியின் தொழிலாளர் செய்த வேலையின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றவர்கள். வேளையைத் தாமே வகுத்துக்கொண்டவர்கள். கண்டிப்பான ஒழுங்குகளைப் புகுத்த முயன்ற மேற்பார்வையாளர் தோமஸ் டன், 1830இல், வேலையிழந்த தொழிலாளி ஒருவராற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1841இல் நிர்வாகம் படையதிகாரிகளின் கைக்கு மாறியது. கடிகாரத்துக்கேற்ப வேலைநேரம் விதிக்கப்பட்டது. 1842இல் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களது பிரதிநிதிகள் கால்வாய்ப் படகொன்றை வாடகைக்கு அமர்த்தி வாஷிங்டன் சென்று ஜனாதிபதி டைலரிடமே முறையிட்டனர். பயன் கிட்டவில்லை. இவற்றை மெரிட் றோ ஸ்மித் 1977இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எடுத்துரைத்துள்ளார். கணிச்சியும் கடிகாரமும் ஒரே வாயிலினூடாக அப்பட்டறையுட் புகுந்தன என்று கொள்வதில் தவறில்லை.

1854இற் பிரித்தானிய ஆணைக்குழுவொன்று ஸ்பிரிங்பீல்ட் ஆயுதசாலைக்குச் சென்று, 1844 தொடக்கம் 1853 வரை ஆண்டுக்கொன்றாகச் செய்யப்பட்ட பத்துத் துப்பாக்கிகளைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, மீண்டும் பூட்டச்செய்து பார்த்தது. அவை பொருந்தின. அமெரிக்க இயந்திரங்கள் என்ஃபீல்டுக்கு வந்துசேர்ந்தன.

உலோகத் தோட்டாவுடன் பிரச்சினை புதிய வடிவம் பெற்றது. சன்னத்தின் ஆழம் இனித் துப்பாக்கியினுள் அன்றித் தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்படலாயிற்று. 1867இல் கனெக்ரிக்கற் மாநிலத்துப் பிரிட்ஜ்போட் நகரில் நிகழ்ந்ததொரு பிணக்கை இங்கு நினைவுகூரலாம். பித்தளைத் தகடு செய்யும் நிறுவனமொன்று அனுப்பிய தகட்டைத் தோட்டா செய்யும் நிறுவனம் தடிப்புப் பிழையெனத் திருப்பியனுப்பியது. ஆராய்ந்தபோது தகடு அனுப்பியவரின் கணிச்சிக்கு அது சரியாகவே இருந்தது. மூன்றாவது கணிச்சியொன்றைக் கொண்டு சோதித்தபோது மூன்றும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதிருந்தன. இப்பிணக்கின் விளைவாகவே பித்தளை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் திருகுக் கணிச்சியொன்றை அமைக்க முற்பட்டார். பிரான்சில் பல்மேர் 1848இலேயே அத்தகைய கருவிக்கு உரிமம் பெற்றிருந்தார். எமது மாணவர் பௌதிக ஆய்கூடத்தில் கம்பியின் விட்டத்தை அளக்கும் கருவி அமெரிக்காவில் பரவிய வரலாற்றில் தோட்டாப் பித்தளைக்கும் பங்குண்டு. உலகப் பட்டறைகளின் பொதுமொழியாகிய கணிச்சிக் கட்டைகளும் இவ்வாறே தோன்றின. அவற்றை அமைத்த ஜொஹான்சன் சுவீடன் அரச றைபிள் தொழிற்சாலையின் பணியாளர். தமது மனைவியின் தையல் இயந்திரத்தையே மாற்றியமைத்து அக்கட்டைகளை வீட்டில் தீட்டினார்.

முதலாம் உலகப்போரில் இத்துணை நுண்ணிய அளவீட்டு வேலையின் பெரும்பகுதி பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வூல்விச் ஆயுதசாலையில் 1917 அளவில் 25,000க்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்தனர். பயிற்சி குறைந்தோரைத் திறன்தொழிலாளரின் இடத்தில் அமர்த்தும் ‘ஐதாக்கல்’ கொள்கைக்குக் கணிச்சியே அடிப்படை. அளவைக் கருவி அறிந்திருந்தாற் போதும், ஆள் அறியவேண்டியதில்லை என்பது அதன் தர்க்கம். கிளைட் நதிக்கரைத் தொழிலாளர் இதனை எதிர்த்தபோது 1916இல் அவர்களது தலைவர்கள் ஊர்கடத்தப்பட்டனர். அவ்வெதிர்ப்பிலே பெண்கள்பாற் காட்டப்பட்ட ஐயுறவும் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. மறுபுறம், திறன் முற்றாக அழிந்துவிட்டது என்று கூறுவதும் பொருந்தாது. கணிச்சியைச் செய்பவனிடம் அது சென்று குவிந்தது. அவ்வாறானோர் மிகச் சிலர்.

இப்பின்னணியிலேயே மீளநிரப்புவோனைக் காணவேண்டும். அவனது வழக்கம் வறுமையில் வேரூன்றியது. தோட்டாக் கடைக்கு வெகுதொலைவிலிருந்த எருமை வேட்டைக்காரனுக்குப் பித்தளைக் கோது எறிந்துவிடக்கூடிய பொருளன்று. நியூ ஹேவனில் ஜோன் பார்லோ 1884இல் தொடங்கிய நிறுவனம் பாக்குவெட்டியை ஒத்த கைக்கருவிகளை விற்றது. இதிலொரு வேடிக்கை உண்டு. ஆங்கிலேயரான பொக்ஸரின் எரியூட்டி அமெரிக்காவிலும், அமெரிக்கரான பேர்டனின் எரியூட்டி ஐரோப்பாவிலும் வேரூன்றின. பொக்ஸர் முறையில் கோதின் அடியில் நடுவே ஒரே துளை. ஓர் ஊசியாற் பழைய எரியூட்டியைத் தள்ளிவிடலாம். பேர்டன் முறை அதற்கு இலகுவில் இடந்தராது. அமெரிக்க வீடுகளில் இவ்வழக்கம் தழைத்தமைக்கு அவ்வொற்றைத் துளையும் ஒரு காரணம்.

அவன் ஆழத்தை எவ்வாறு அளக்கிறான்? கோதின் அடியிலிருந்து சன்னத்தின் நுனிவரை இடுக்கிமானியால் அளப்பதே முதலில் தோன்றும் வழி. 1906ஆம் ஆண்டின் முப்பது கலிபர்த் தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர் நியமம் 3.340 அங்குலத்தை, அதாவது 84.84 மில்லிமீற்றரை உச்சநீளமாக விதிக்கிறது. ஆனால் அது தோட்டா எத்துப்பாக்கியிலும் இயங்கவேண்டும் என்பதற்கான எல்லை. தனியொரு குழலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மேலும் சன்னங்களின் நுனி ஒன்றுபோல் மற்றது அமைவதில்லை. மென்மையான ஈயநுனி பெட்டிக்குள்ளேயே நசுங்கும். வரிமேட்டை முட்டுவது நுனியன்று, கூம்பிச்செல்லும் வளைவில் குழலின் உள்விட்டத்தை ஒத்த வட்டமே. ஆகவே துளையிட்ட சிறு உலோகத்துண்டொன்றை இடுக்கிமானியிற் பொருத்தி, அவ்வளைவு அத்துளையில் தங்குமிடத்திலிருந்து அடிவரை அளக்கின்றனர். மேட்டின் இடத்தை அறிவதற்கு, கழுத்தைப் பிளந்த வெற்றுக்கோதிற் சன்னத்தைத் தளர்வாகச் செருகி, துப்பாக்கியினுள் மெல்லத் தள்ளி, முட்டியதும் வெளியே எடுத்து அளப்பர். சன்னம் வரிகளிற் சிறிது ஒட்டிக்கொண்டால் எடுக்கும்போது இடம் பெயரும். ஆதலால் பலமுறை அளந்து ஒத்துவரும் எண்ணையே ஏற்பர். ஹோல் கண்ட உண்மை இங்கு மீண்டும் தலைகாட்டுகிறது: பிழை எண்ணில் இல்லை, தொடங்கும் புள்ளியில் இருக்கிறது.

இதனைக் கைவினைஞனின் மீட்சி என்று கொண்டாடுவோர் உளர். எமக்கு அவ்வளவு உறுதி இல்லை. அளவின் தொடக்கப்புள்ளியைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை அவனுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் வேலைநேரத்திலன்று, விடுமுறை நாளில். அளக்கும் துண்டையும் அவன் கடையிலேயே வாங்குகிறான். பகலில் தொழிற்சாலையிற் பிறர் வகுத்த கணிச்சிக்குக் கீழ்ப்படிபவன் மாலையில் தனது மேசையில் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பகுதிக்கு அதிபதியாகிறான். அவ்வதிகாரம் அவனது கூலியையோ தொழிலையோ தொடுவதில்லை.

அவன் பெறும் எண்ணும் அவனுக்கு மட்டுமே உரியது. அளக்கும் துண்டின் துளை ஒரு மயிரிழை வேறுபட்டாலும் வளைவு வேறிடத்தில் தங்கும். அயலவனின் கருவி அதே தோட்டாவுக்கு வேறோர் எண்ணைக் காட்டும். பிரிட்ஜ்போட்டின் மூன்று கணிச்சிகள் போல, இருவரும் சரியாக அளந்தும் ஒத்துப்போகார். சுடச்சுட வெப்பமும் வாயுவும் குழலின் தொண்டையை அரிப்பதால் வரிமேடு முன்னோக்கி நகர்ந்துகொண்டே போகும்; சென்ற ஆண்டு எழுதிவைத்த எண் இவ்வாண்டு அவனுக்கே பயன்படாது. அவன் பிளந்த கோதை எடுத்து, மீண்டும் முதலிலிருந்து அளக்கிறான்.