சான்றிதழும் பட்டறையும்: சென்னை மேற்குப் புறநகரில் வெல்டர், டர்னர் பயிற்சியின் வரலாறு

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. அதன் வரலாற்றை எழுதுபவர்கள் நிறுவனங்களையும் முதலீட்டையும் விரிவாகப் பேசுகிறார்கள். லேத் முன்னால் நின்றவர் அந்த வேலையை எங்கே கற்றார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. அரசு அங்கீகரித்த பயிற்சி ஒரு தடத்திலும், பேட்டையின் சிறு பட்டறைகளில் நடந்த பயிற்சி மற்றொரு தடத்திலும் சென்றன. இரண்டாவது தடத்தை எந்தச் சட்டமும் முறையாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேட்டைக்கு முன்பே இப்பகுதியில் ஆலைகள் வந்துவிட்டன. 1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பெரம்பூரில் ஐசிஎஃப் எனப்படும் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் அங்கே உருவான ரயில் பெட்டிகளின் கூடு முழுவதும் எஃகு, முழுவதும் வெல்டிங். தொழிலாளிக்கு இது பெரிய மாற்றம். ரிவெட் தளர்ந்திருந்தால் சுத்தியலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். வெல்டிங்கில் உள்ளே கசடு மாட்டிக்கொண்டிருந்தாலும் மேற்பரப்பு பளபளவென்று இருக்கும். பயிற்சியில் போட்ட இணைப்பை வெட்டி, பட்டையாக்கி, வளைத்து, விரிசல் விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஒருவரை நம்பி வேலை கொடுக்க முடியும். ஆலைக்குள்ளேயே பயிற்சி தேவைப்பட்டதற்கு இதுவே தொழில்நுட்பக் காரணம்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இந்தத் தேவை இன்னும் கடுமையானது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. கவசத் தகட்டில் வெல்டிங் போடும்போது ஹைட்ரஜன் புகுந்தால், போட்ட பல மணி நேரம் கழித்தும் விரிசல் விழலாம். ஆகவே எலக்ட்ரோடைச் சூளையில் உலர்த்துவது, தகட்டை முன்கூட்டியே சூடாக்குவது ஆகிய பழக்கங்கள் கைத்திறனுக்கு நிகராக மதிக்கப்பட்டன.

பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை 1960களின் தொடக்கத்தில் உருவாயின. அதே வேளையில் தொழிற்பயிற்சியாளர் சட்டம் 1961 வந்தது. அதன் வழியே சேர்ந்தவர்களை இப்பகுதியில் இன்றும் ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ என்றே சொல்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை என்று அச்சட்டம் சொன்னது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பல ஆண்டுக் காத்திருப்பு அந்த ஒரு பிரிவிலிருந்து பிறந்தது.

தொழிற்பயிற்சி நிலையங்களான ஐடிஐக்களின் அடித்தளம் 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம். வெல்டருக்கு ஓராண்டு, ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்டுக்கு இரண்டாண்டு. தொடக்கத்தில் அரம்தான் பாடம். இரும்புத் துண்டை ராவி, டிரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். இடுக்கில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். கண்ணும் கையும் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஐடிஐயில் ஒரு துண்டைச் செய்து மதிப்பெண் வாங்கலாம். ஒரே மாதிரி ஐந்நூறு துண்டுகளை நாள் முடிவதற்குள் அளவு பிசகாமல் கொடுப்பது வேறு கலை.

அந்தக் கலையின் பள்ளி பேட்டையின் ஜாப் ஒர்க் பட்டறைகள். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து தந்த இவற்றில் பையன் முதலில் இரும்புச் சுருளை அள்ளுவான், டீ வாங்கி வருவான், துண்டுகளுக்குப் பிசிறு தட்டுவான். பிறகு ஒருநாள் “டூல் பிடிச்சுப் பாருடா” என்று அண்ணன் சொல்வார். சாணைக் கல்லில் வெட்டுளியின் கோணத்தைத் தீட்டுவதே திருப்புமுனை. கோணம் சரியா என்பதைச் சுருள் வரும் விதம் காட்டிக் கொடுக்கும். டூல் தீட்டத் தெரிந்தவனைத்தான் டர்னர் என்பார்கள். அவன் கையில் சான்றிதழ் எதுவும் இருக்காது.

1990களிலிருந்து இந்தக் கற்றல் தொடர் அறுபடத் தொடங்கியது. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது. அதே தரக் கண்டிப்பு சிறு சப்ளையர்களிடமும் கேட்கப்பட்டது. கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரம் வந்தது. தீட்டவேண்டிய டூலின் இடத்தை, தேய்ந்தால் மாற்றிவிடும் கார்பைட் இன்சர்ட் பிடித்தது. வேலை ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர் என்று பிரிந்தது. துண்டை மாட்டிப் பொத்தானை அழுத்தும் ஆபரேட்டருக்கு வெட்டும் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டைத் தொடவே அனுமதி இல்லாத பட்டறைகள் உண்டு. பழைய பையனுக்கு இருந்த படிக்கட்டு இவருக்கு இல்லை. பேட்டை உற்பத்தியாளர் சங்கமான ஐய்மா தன் தொழில்நுட்ப மையத்தில் பயிற்சி நடத்துவது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

சட்டம் இந்தப் பக்கம் தாமதமாகவே திரும்பியது. 2019-இல் விதிகள் திருத்தப்பட்டு, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றானது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது விருப்பம் மட்டுமே. 2015-இல் தொடங்கிய மத்தியத் திறன் திட்டத்தில் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. ஆனால் அது தெரிந்த வேலைக்குச் சான்று தருமே ஒழிய, கற்றுக்கொடுத்த பட்டறையைப் பயிற்சிக்கூடமாக ஏற்பதில்லை. தமிழ்நாடு அரசு 2022-இல் டாடா டெக்னாலஜிஸுடன் ஒப்பந்தமிட்டு 71 அரசு ஐடிஐக்களில் நவீன இயந்திரங்களை நிறுவும் பணியைத் தொடங்கியது. மாலை நேரங்களில் அந்த இயந்திரங்களைப் பேட்டை ஆபரேட்டர்களுக்குத் திறந்துவிட்டால், பட்டறையில் தொடமுடியாத ஆஃப்செட்டை அவர்கள் அங்கே தொட்டுப் பழகலாம். சொல்லிக்கொடுக்க, டூல் தீட்டிப் பழகிய மூத்த டர்னர்கள் அம்பத்தூரில் இன்னும் இருக்கிறார்கள்.