தனி ஆள் வேட்டையும் புதுக்கோட்டை வளரியும்

வேட்டை என்றதும் நம் நினைவுக்கு வருவது அரசர்களின் வேட்டைதான். பறை அடித்து விலங்குகளைக் கலைக்க ஒரு கூட்டம், கூடாரம், சமையல் ஆட்கள், மாட்டு வண்டி, துப்பாக்கி என்று ஒரு சிறு படையே காட்டுக்குள் போகும். ஆனால் கிராமத்திலிருந்து ஒருவன் தனியாக வேட்டைக்குப் போனால் இந்த வசதி எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் அவனே சுமக்க வேண்டும். அடித்த விலங்கையும் அவனே தூக்கி வர வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு எந்த ஆயுதம் பொருத்தம்? இந்தக் கேள்விக்குப் புதுக்கோட்டைச் சீமை தந்த பதில்களில் ஒன்று வளரி.

வளரி அல்லது வளைதடி என்பது பிறை வடிவில் வளைந்த ஒரு எறிகருவி. வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள். இரும்பிலும் உண்டு. ஒரு முனை கனமாகவும் மறு முனை லேசாகவும் இருக்கும். வெளி விளிம்பு கூர்மையாகச் சீவப்பட்டிருக்கும். லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில முறை சுழற்றி, வேகம் ஏறியதும் குறியை நோக்கி வீசுவார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலில், புதுக்கோட்டை திவான் எழுதி அனுப்பிய குறிப்பாக இந்த விவரங்கள் உள்ளன.

ஏன் வளரி?

புதுக்கோட்டை அடர்ந்த மழைக்காட்டு நாடு அல்ல. செம்மண் பொட்டல், முட்புதர், குறுங்காடு, இடையிடையே குன்றுகள், ஏரிகள், ஊருணிகள். இங்கே தனி ஆளுக்கு எட்டக்கூடிய இரை முயல், கௌதாரி, காட்டுக்கோழி போன்றவைதான். முயல் இரண்டு மூன்று கிலோ எடை இருக்கும். கௌதாரி கால் கிலோவைச் சற்றுத் தாண்டும். ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக்கூடிய சுமை இது. பெரிய விலங்கை அடித்தால் தூக்க ஆள் வேண்டும். இந்த வெயிலில் இறைச்சி சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும். ஆகவே தனி வேட்டைக்காரனின் திட்டம் இரையின் எடையிலிருந்தும், வீடு திரும்பும் நேரத்திலிருந்தும்தான் தொடங்க முடியும்.

அடுத்தது ஆயுதம். நாட்டுத் துப்பாக்கி என்றால் மருந்து, ரவை, திணிக்கும் கம்பி எல்லாம் வேண்டும். மருந்து தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் கம்புதான். ஒரு முறை வெடித்தால் சுற்றுவட்டாரத்தில் உள்ள விலங்குகள் எல்லாம் ஓடிவிடும். வளரிக்கு இந்தத் தொல்லை இல்லை. உள்ளூர் மரம், உள்ளூர் தச்சன் அல்லது கொல்லன் போதும். சத்தமும் கிடையாது.

இன்னொரு நன்மையும் உண்டு. கல்லை எறிந்தால் அது ஒரு புள்ளியில்தான் படும். வளரி சுழன்றுகொண்டே போவதால், தன் நீளம் அளவுக்கு அகலமான ஒரு பாதையை அடைத்துக்கொண்டு போகிறது. ஓடும் முயலின் காலில் பட இது அதிக வாய்ப்பைத் தருகிறது.

எறிந்தவன் கைக்கே வளரி திரும்பி வரும் என்று பலர் சொல்வார்கள். திவானின் குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் வேட்டைத் தடிகளிலும் கனமானவை திரும்பி வராதவைதான். எப்படியும் இரையில் பட்ட தடி அங்கேயே விழும். வேட்டைக்காரன் நடந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் எறிந்த தடி கண்ணில் படும் திறந்த பொட்டல்தான் வளரிக்கு ஏற்ற இடம்.

போர்க்களத்தில் வளரி

வேட்டைத் தடி போரிலும் பயன்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று 1830இல் வெளிவந்த தன் நினைவு நூலில் எழுதியுள்ளார். தேர்ந்த கையில் நூறு கஜம், அதாவது சுமார் 91 மீட்டர் தூரத்துக்குள் குறி தப்பாது என்றும் சொல்கிறார். அந்த சின்ன மருதுவும் அண்ணன் பெரிய மருதுவும் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். போர் முடிந்ததும் பாளையங்களில் இருந்த ஆயுதங்களைக் கம்பெனி பறிக்கத் தொடங்கியது.

புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் கம்பெனியின் பக்கம் நின்றவர்கள். அதனால் அவர்கள் நாடு தனி சமஸ்தானமாக 1948 வரை நீடித்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தவ் ஆப்பர்ட், பழைய இந்திய ஆயுதங்களைப் பற்றி 1880இல் எழுதிய நூலில், புதுக்கோட்டை திவான் தனக்கு நான்கு கரிய மர வளைதடிகளைத் தந்ததைக் குறிப்பிடுகிறார். அண்டைச் சீமைகளில் ஆயுதம் பறிக்கப்பட்டு முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் இங்கே வளரி கிடைத்திருக்கிறது.

தடி மிஞ்சியது, வித்தை போயிற்று

ஆனால் தர்ஸ்டன் நூலில் உள்ள திவானின் குறிப்பு ஒரு சோகமான செய்தியையும் சொல்கிறது. ஒரே வீச்சில் இரையை வீழ்த்தும் வல்லவர்கள் முன்பு இருந்தார்களாம். இப்போது சமஸ்தானத்தில் அப்படி யாரும் இல்லை. முயல், காட்டுக்கோழி வேட்டையில் எப்போதாவது பயன்படுகிறது, அவ்வளவுதான் என்கிறார். கள்ளர், மறவர் வீடுகளில் வளரி பூஜை அறையில் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று எடுத்துச் சுரண்டித் துடைத்து, மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிடுகிறார்கள்.

தனி வேட்டைக்காரனின் சாமான் பட்டியலில் எடையே இல்லாத பொருள் ஒன்று உண்டு. எந்தத் தூரத்தில் வீசலாம், காற்று எந்தப் பக்கம், முயல் எந்தப் பக்கம் திரும்பும் என்ற அறிவுதான் அது. மரத்தடியைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்த முடிந்தது. அந்த அறிவை அப்படிப் பத்திரப்படுத்த முடியவில்லை. அது தினம் வீசிப் பார்க்கும் கையில் மட்டுமே இருந்தது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று முயலையோ கௌதாரியையோ வேட்டையாடுவது குற்றம். குறைந்து வரும் உயிர்களைக் காக்க அந்தச் சட்டம் தேவைதான். வளரியை வீசிப் பழக முயல் தேவையில்லை. ஒரு பொட்டலும் நட்டு வைத்த ஒரு கம்பும் போதும். சிலம்பத்துக்குக் கிடைத்த மைதானம் வளரிக்கும் கிடைத்தால், பூஜை அறைத் தடிக்கு மறுபடியும் ஒரு கை கிடைக்கும்.