பேராதனைப் பள்ளம் – 7: ராசா எந்தப் பக்கம் பார்ப்பார்?

போன வாரம் 1956 நவம்பர் 3இல் நிறுத்தினோம். கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் 'மனமே' முடிகிறது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் சூட்டில், சிங்கள அரங்கின் மறுபிறப்பு என்று கொண்டாடப்பட்ட அந்த நாடகம் எதன் மேல் நின்றது? 'நாடகம' என்ற பழைய ஆட்ட வடிவத்தின் மேல். அதுவோ தமிழ்க் கூத்தின் வழி வந்தது. பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா! 'மனமே'யை எழுதிய எதிரிவீர சரச்சந்திர அந்த உறவை ஒளித்தவரும் அல்லர்.

1961இல் அவருடைய 'சிங்கபாகு' பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் அரங்கேறியது. மாணவர்கள் அதை 'வள' என்பார்கள். சிங்களத்தில் குழி என்று பொருள். சரிவில் படிப்படியாக இறங்கும் இருக்கைகள், அடியில் மேடை. இன்று அது சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே வளாகத்தில் தமிழ் கற்பித்தவர் சு. வித்தியானந்தன். சரச்சந்திர செய்ததைக் கண்டார். நம்மவர் கூத்து மட்டும் ஊர் வெளியிலேயே கிடப்பானேன் என்று கேட்டார். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரையும் மாணவர்களையும் ஒன்றுசேர்த்தார்.

இறங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. மட்டக்களப்பில் கூத்து ஆடும் களரி வட்டமானது. கரப்புடுப்பு கட்டி, கிரீடம் வைத்த ராசா மத்தளத்துக்கும் சல்லரிக்கும் காலடி வைத்துச் சுற்றிச் சுற்றி ஆடுவார். நாலு பக்கமும் சனம். ராசாவுக்கு முதுகுப் பக்கம் என்று ஒன்றே கிடையாது. பல்கலைக்கழக மேடையிலோ சனம் ஒரே பக்கம். வட்டத்தை விரித்து நேராக்க வேண்டும். விடியவிடிய ஆடுவதை ஓரிரு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும். எதை வெட்டுவது? தாளக்கட்டில் கைவைத்தால் கூத்தின் உயிரே போய்விடும். வெட்டியது பாத்திரங்களின் வரவாட்டத்தையும் விருத்தப் பாடல்களையும்தான் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதற்குப் பின்னால் எத்தனை ஒத்திகை என்பது ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. மறுவருடம் 'நொண்டி நாடகம்'.

பிறகு அறுபதுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்த சி. மௌனகுரு இராவணனாகச் சலங்கை கட்டுகிறார். நாடகத்தின் பெயர் 'இராவணேசன்'. இதில் ராமன் நாயகன் இல்லை. மத்தளம் முழங்குகிறது. தோற்கப்போகிறவன் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவன் மேடைக்கு வருகிறான். சபை யார் பக்கம்?

(தொடரும்)