ஓசூர்: பெயருக்குள் ஒரு புத்தூர்

ஓசூர் (பெ.): கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைத் தொழில்நகரம். கன்னடத்தில் ஹொசூரு; 'ஹொச' புதிய, 'ஊரு' ஊர். நம் புத்தூரேதான்.

பழங்கன்னடத்தில் 'பொச' என்றிருந்த சொல் பின்னர் 'ஹொச' ஆனது. தமிழின் 'புது' அதற்கு உறவு. கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாக மாறியது பெரிய மாற்றம். பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. பெங்களூருக்குக் கிழக்கே உள்ள ஹொசகோட்டே நம் புதுக்கோட்டை. ஹம்பி அருகே உள்ள ஹொசப்பேட்டே நம் புதுப்பேட்டை. ஆனால் ஓசூர் அருகே, 1878இல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியில் பகரம் அப்படியே இருக்கிறது.

தமிழ் நாவு முதலில் வந்த ஹகரத்தை உதிர்த்தது. மிஞ்சிய குறில் ஒகரம் பலர் வாயில் நெடிலானது. அதனால்தான் 'ஒசூர்', 'ஓசூர்' என இரண்டையும் பார்க்கிறோம்.

புதிய ஊர் என்ற பெயர் பழைய ஊர்களுக்கும் உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ், கிரேக்கர் வைத்த 'நெயாபொலிஸ்'. ரஷ்யாவின் நோவ்கோரோதுக்கும் இதே பொருள்.

சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூர் 1965இல் தருமபுரிக்கும், 2004இல் கிருஷ்ணகிரிக்கும் மாறியது. சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்து 2019இல் மாநகராட்சியானது. பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலையை அந்நகரத்தார் இன்றும் 'ஹொசூர் ரோடு' என்கிறார்கள்.