விலகிச் செல்லும் காதலன்: ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களில் இனங்கடந்த காதலும் கறுப்பின ஆணும்

அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டில் புதிதாக மணமுடித்த கறுப்பின ஆண்களில் 24 விழுக்காட்டினர் வேற்றினத்தாரை மணந்திருந்தனர். கறுப்பினப் பெண்களில் அவ்வாறு மணந்தோர் 12 விழுக்காடு. பியூ ஆய்வு மையம் 2017இல் வெளியிட்ட கணக்கு இது. ஆனால் அந்நாட்டின் தொடர்களை மட்டும் பார்த்து அச்சமூகத்தை அறிய முற்படுபவர் இதற்கு நேரெதிரான முடிவுக்கே வருவார். திரையில் ஊன்றி நின்ற ஜோடிகளில் பெரும்பாலும் ஆண் வெள்ளையர், பெண் கறுப்பினத்தவர். 'ஸ்கேண்டல்' தொடரில் குடியரசுத் தலைவர் ஃபிட்ஸும் ஒலிவியா போப்பும், 'பேரன்ட்ஹுட்' தொடரில் கிராஸ்பியும் ஜாஸ்மினும், 'தி வாக்கிங் டெட்' தொடரில் ரிக்கும் மிஷோனும் இவ்வாறே. இந்த மூன்றாவது தொடரில் அந்தக் காதல் மலர்வதற்கு முன்பே டி-டாக், பாப், டைரீஸ், நோவா என்று கறுப்பின ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகச் செத்து விழுந்திருந்தார்கள்.

வாழ்க்கையில் மிகுந்திருப்பது திரையில் ஏன் அருகிப்போகிறது? இனங்கடந்த காதலைத் தொலைக்காட்சி ஏற்றுக்கொண்டுவிட்டதா என்ற கேள்விக்குப் பொதுவாக முத்தங்களை எண்ணி விடை சொல்கிறார்கள். எந்த ஆண்டில், எந்தத் தொடரில், முதலில் யார் யாரை முத்தமிட்டார்கள் என்ற பட்டியல்கள் அப்படி உருவானவையே. முத்தம் ஓர் அளவுகோலே அல்ல என்பது என் வாதம். கதை யாருடைய விருப்பத்தால் நகர்கிறது, காதல் முறியும்போது அந்தச் சுமையை யார் தோளில் ஏற்றுகிறது, இறுதி அத்தியாயத்தில் யார் எஞ்சுகிறார் என்பவற்றையே பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், கறுப்பின ஆணுக்குக் காதலிக்க அனுமதி கிடைத்த இடங்களிலும் அவன் விலகிச் செல்பவனாகவே எழுதப்பட்டிருப்பது தெரியும்.

இதன் வேர் தொலைக்காட்சிக்கு மிகவும் முந்தியது. வெள்ளைப் பெண்ணின் கற்புக்குக் கறுப்பின ஆணால் ஆபத்து என்ற கட்டுக்கதை, கும்பல் கொலைகளை நியாயப்படுத்தப் பயன்பட்டதை ஐடா பி. வெல்ஸ் 1892இலேயே தம் சிறுநூல் ஒன்றில் சான்றுகளோடு அம்பலப்படுத்தினார். 1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' அதே கட்டுக்கதையைத் திரைக்காவியமாக்கியது. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் முறைதவறி நடந்ததாகக் குற்றம்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டான். ஹாலிவுட்டின் 1930ஆம் ஆண்டுத் தணிக்கை விதிகள் கறுப்பின, வெள்ளையின மக்களிடையிலான காதலுறவைக் காட்டுவதையே தடைசெய்தன. 1956இல்தான் அந்தத் தடை நீங்கியது. 'லவிங் எதிர் வர்ஜீனியா' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967 ஜூனில் கலப்புமணத் தடைகளைச் செல்லாதவையாக்கித் தீர்ப்பளித்தபோதும் 16 மாநிலங்களில் அத்தகைய சட்டம் உயிரோடிருந்தது.

இந்த அச்சத்தின் மையத்தில் இருந்தது கறுப்பின ஆணின் உடல். வெள்ளை ஆண் கறுப்பினப் பெண்ணை நாடுவதை அடிமை முறைக் காலத்திலிருந்தே வெள்ளையர் சமூகம் கண்டும் காணாமல் சகித்துவந்தது. அதற்கு எதிர்த்திசையிலான காதலுக்குத் தண்டனை மரணம். தொலைக்காட்சி இந்தச் சமனின்மையை அப்படியே சுவீகரித்தது. அதற்கு வணிகக் காரணமும் இருந்தது: நாடு முழுவதும் பொருள் விற்கும் விளம்பரதாரரும், தென்மாநில ஒளிபரப்பு நிலையங்களும் முகம் சுளிக்காத கதையே படமாயிற்று.

1968ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகளை அருகருகே வைத்தால் இது விளங்கும். ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட நான்காம் நாள், பாடகி பெட்டுலா கிளார்க்கின் சிறப்பு நிகழ்ச்சி என்.பி.சி.யில் ஒளிபரப்பானது. பாடும்போது அவர் கறுப்பினப் பாடகர் ஹாரி பெலஃபான்டேயின் கையைத் தொட்டார். அவ்வளவுதான். அதற்கே, விளம்பரம் தந்த கார் நிறுவனத்தின் அதிகாரி படப்பிடிப்பின்போது எதிர்ப்புத் தெரிவித்தார். கிளார்க் பணியவில்லை. தொடாமல் எடுத்த மற்ற பதிவுகளை அழிக்கச் செய்து, இந்தப் பதிவையே ஒளிபரப்ப வைத்தார். அதே ஆண்டு நவம்பரில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கேப்டன் கிர்க் உஹூராவை முத்தமிட்டார். வரலாற்றுச் சாதனையாக இன்றும் கொண்டாடப்படும் அந்த முத்தம், வேற்றுக்கிரகவாசிகள் தம் மனவலிமையால் இருவரையும் பொம்மைகளாக ஆட்டிவைத்து நிகழ்த்தியது. வெள்ளை ஆணும் கறுப்பினப் பெண்ணும் முத்தமிடலாம், இருவரும் விரும்பாமல் இருந்தால். கறுப்பின ஆணின் முழங்கையை வெள்ளைப் பெண் தன் விருப்பத்தோடு தொட்டால் மட்டும் அது நெருக்கடி.

அந்தக் காலத்தில் வேறுவிதமாக எழுத முடிந்திருக்காது என்று சமாதானம் சொல்வோருக்கு பிரிட்டன் பதில் தருகிறது. 1959 பிப்ரவரியில் ஐ.டி.வி.யின் 'ஆர்ம்சேர் தியேட்டர்' வரிசையில் டெட் வில்லிஸின் 'ஹாட் சம்மர் நைட்' நாடகம் ஒளிபரப்பானது. ஜமைக்கா இளைஞனாக நடித்த லாயிட் ரெக்கார்டு, தன் காதலியாக நடித்த ஆண்ட்ரே மெலியைத் திரையில் முத்தமிட்டார். அதில் சோதனைக்குள்ளாவது காதலனல்ல, காதலியின் தந்தை. தொழிற்சங்க மேடையில் இன சமத்துவம் பேசும் அவருக்குத் தன் வீட்டு வாசலில் அது வந்து நிற்கும்போதுதான் வியர்க்கிறது. 1962இல் அதே லாயிட் ரெக்கார்டு, தம் உடன்பிறந்தவரான பாரி ரெக்கார்டு எழுதிய 'யூ இன் யுவர் ஸ்மால் கார்னர்' நாடகத்தில் நடித்தார். அதில் மகனின் வெள்ளைக்காரக் காதலி தங்கள் தகுதிக்குக் குறைந்தவள் என்று கருதுபவர், பிரிக்ஸ்டனில் வசதியாக வாழும் கறுப்பினத் தாய். இனத்தோடு வர்க்கத்தையும் சேர்த்து முடிச்சிட்ட, இன்றைக்கும் அரிதான ஒரு பார்வை அது. அதைக் கறுப்பின எழுத்தாளர் ஒருவர் எழுதினார் என்பது தற்செயல் அல்ல.

இதற்குப் பிறகு வந்த படைப்புகளில் இந்தத் துணிவு வளர்ந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. 1967இல் வந்த 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' திரைப்படத்தில் சிட்னி புவாட்டியே ஏற்ற மருத்துவர் பிரென்டிஸ் குற்றம் குறையே இல்லாத மனிதர். உலகப் புகழ் பெற்ற அந்த மருத்துவர் காதலியின் பெற்றோரிடம் தனியாகச் சென்று, அவர்களுக்கு முழுச் சம்மதம் இல்லையென்றால் தாமே விலகிவிடுவதாக வாக்களிக்கிறார். இது காதலிக்குத் தெரியாது. படத்தின் ஒரே முத்தம் டாக்சி ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் பிம்பம். தொலைக்காட்சித் தொடர்கள் பிற்காலத்தில் பலமுறை பயன்படுத்திய அச்சு இங்கேதான் வார்க்கப்பட்டது: கறுப்பின ஆணின் மேன்மை அவன் விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பதில்தான் நிரூபணமாகிறது.

'டவுன்டன் ஆபி' இதற்குத் தூய்மையான சான்று. 2013இல் வந்த நான்காம் பருவத்தில் ஜாக் ராஸ் என்ற ஜாஸ் பாடகர் வருகிறார். காரி கார் நடித்தார். அந்தத் தொடரின் முதல் கறுப்பினப் பாத்திரம் அவர். பிரபு குடும்பத்துப் பெண்ணான ரோஸ் அவரைக் காதலிக்கிறாள், மணக்கவும் தீர்மானிக்கிறாள். அந்தத் தீர்மானத்தில் தன் தாயைச் சீண்டும் ஆசையும் கலந்திருப்பதை எழுத்தாளர் மறைக்கவில்லை. ஜாக்கைப் பார்த்துப் பேச, தொடரின் மையமான கிராலி குடும்பத்தைச் சேர்ந்த மேரி லண்டனுக்குப் போகிறாள். அவள் வாதாடும் தேவையே எழவில்லை, ஏனென்றால் ரோஸின் வாழ்க்கை பாழாகக் கூடாது என்பதற்காக விலகிவிடுவதென்று ஜாக் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். காட்சி கண்ணியமாக எழுதப்பட்டிருக்கிறது, இருவரும் ஒருவரையொருவர் மதிக்கிறார்கள். அந்தக் கண்ணியமே என்னை உறுத்துகிறது. கிராலி குடும்பத்தில் யாரும் அவரை விரட்டவில்லை, எவரும் தம் இனவெறியின் முகத்தைக் காட்ட நேரவில்லை. வெளியேற்றும் வேலையைக் கறுப்பினத்தவரே செய்து முடித்துவிட்டதால் பார்வையாளர்கள் தமக்குப் பிடித்த பாத்திரங்களைத் தொடர்ந்து நேசிக்கலாம். அதே வீட்டு மகளை மணக்க வந்த ஐரிஷ் கார் ஓட்டுநர் டாம் பிரான்சனுக்கு எத்தனை பருவங்கள் கிடைத்தன என்று நினைத்துப் பார்த்தால், வர்க்க எல்லையைத் தாண்ட அத்தொடர் காட்டிய பொறுமை இன எல்லையின் முன் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோனது என்பது புரியும்.

விலகல் எப்போதும் எழுத்தாளரின் கோழைத்தனம்தான் என்று சொல்லிவிட முடியாது. என் வாதத்துக்கு மிகவும் சிக்கல் தருவது 'ஈ.ஆர்.' தொடர், அதனாலேயே அதைத் தவிர்க்கக் கூடாது. எரிக் லா சால் நடித்த அறுவை மருத்துவர் பீட்டர் பென்டனுக்கும், அலெக்ஸ் கிங்ஸ்டன் நடித்த ஆங்கிலேய மருத்துவர் எலிசபெத் கார்டேவுக்கும் காதல் மலர்ந்தது. 1999 வாக்கில் அந்தக் காதலை முடித்துவிடும்படி கேட்டவர் லா சாலேதான். அவர் சொன்ன காரணம் கூர்மையானது. அதுவரை பென்டனுக்குக் கறுப்பினப் பெண்களோடு அமைந்த உறவுகள் எல்லாம் பூசலும் புண்ணுமாகவே எழுதப்பட்டிருந்தன: மணமான ஜீனியோடு கள்ள உறவு, மகனின் தாயான கார்லாவோடு ஓயாத சச்சரவு. கனிவும் சிரிப்பும் நிறைந்த முதல் உறவு ஒரு வெள்ளைப் பெண்ணோடு வாய்த்தால், கறுப்பினப் பார்வையாளர்களுக்கு, முக்கியமாகக் கறுப்பினப் பெண்களுக்கு, அது என்ன சொல்லும் என்று அவர் கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. பென்டனின் மென்மையை வெளிக்கொணர ஒரு வெள்ளைப் பெண்தான் தேவைப்பட்டாள் என்றால், அந்தக் காதல் அவனை மனிதனாக்கியதா, அவனுடைய சமூகத்தைக் குறைத்துக்காட்டியதா? இந்தக் கேள்வியை ஃபிரான்ஸ் ஃபனான் 1952இலேயே தம் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் எழுப்பியிருந்தார். கறுப்பின ஆணும் வெள்ளைப் பெண்ணும் என்ற உறவுக்கே ஓர் இயல் ஒதுக்கினார். வெள்ளைப் பெண்ணின் காதலைத் தன் மதிப்புக்கான சான்றிதழாகக் கொள்ளும் மனநிலையை அவர் அதில் அலசுகிறார். லா சாலுக்கு முன்னிருந்த கேள்வியும் அதுவே. ஆனால் தொடர் செய்த திருத்தம் என்ன? கார்டேவை வெள்ளையின மருத்துவர் மார்க் கிரீனுக்கு மணமுடித்துவைத்தது. கறுப்பினப் பெண்களின் சித்திரிப்பில் இருந்த கோளாற்றைக் கறுப்பின ஆணின் காதலை முறித்துச் சரிசெய்தார்கள். ஜீனியையும் கார்லாவையும் முன்பே நன்றாக எழுதியிருந்தால் லா சால் அந்தக் கோரிக்கையோடு போயிருக்கவே வேண்டியதில்லை.

ஷோண்டா ரைம்ஸ் தொலைக்காட்சியின் முகத்தை மாற்றியவர் என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கப் பெருவலைத் தொடர் ஒன்றின் நாயகியாகக் கறுப்பினப் பெண் வந்தது 2012இல் அவருடைய 'ஸ்கேண்டல்' மூலம்தான். ஆனாலும் அந்தத் தொடரில் ஒலிவியாவை மணக்க விரும்பும் கறுப்பினச் செனட்டர் எடிசன் டேவிஸைப் பாருங்கள். நேர்மையானவர், பதவியுள்ளவர், மணமாகாதவர். கதைக்கோ அவர் சுவையற்றவர். அவரது நற்குணமே அவரது குறையாக எழுதப்படுகிறது. (ரைம்ஸின் 'கிரேஸ் அனாட்டமி' தொடரில் பிரெஸ்டன் பர்க் 2007இல் திருமண நாளன்று கிறிஸ்டினா யாங்கை விட்டுப்போவதை இந்தப் பட்டியலில் சேர்க்க நான் தயங்குகிறேன். நடிகர் வேறு காரணத்தால் தொடரிலிருந்து நீக்கப்பட்டார். எல்லா வெளியேற்றங்களையும் ஒரே காரணத்தில் அடைப்பது ஆய்வாகாது.)

ரைம்ஸின் நிறுவனம் தயாரித்து 2020 டிசம்பரில் வெளிவந்த 'பிரிட்ஜர்டன்' இந்த வரலாற்றையே தலைகீழாக்குவதுபோல் வந்தது. ரெஷே-ஜான் பேஜ் நடித்த கோமகன் சைமன் அழகன், செல்வன், அனைவராலும் விரும்பப்படுபவன். முதல் 28 நாட்களில் 8.2 கோடி வீடுகள் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. ஜூலியா குவின் 2000இல் எழுதிய நாவலில் சைமன் வெள்ளையர். பாத்திரத்தின் இனத்தை மாற்றியவர்கள், அதனால் கதையின் பொருளும் மாறும் என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆறாம் அத்தியாயத்தில், குழந்தை வேண்டாம் என்று உறுதிபூண்ட கணவனை, அவன் சம்மதமின்றியே வெள்ளையின மனைவி டாஃப்னி தன் எண்ணத்துக்குப் பணியவைக்கிறாள். அதன்பின் கதை ஆராய்வது அவள் ஏமாற்றப்பட்ட துயரத்தை மட்டுமே. அவனுக்கு நேர்ந்தது அத்துமீறல் என்று தொடரில் யாரும் சொல்லவில்லை. அடிமை முறையின் நினைவு மறையாத ஒரு சமூகத்தின் முன்னால், கறுப்பின ஆணின் உடல்மீது வெள்ளைப் பெண்ணுக்குள்ள உரிமைபோல் இது காட்டப்படுகிறது. இந்தக் காட்சி இனத்தோடு தொடர்பற்றது என்று வாதிடுவோர், அக்காட்சியில் இருவரின் இனத்தையும் மாற்றிவைத்துப் பார்த்தால் அதை ஒரு தயாரிப்பாளராவது அனுமதித்திருப்பாரா என்று சொல்ல வேண்டும். இரண்டாம் பருவத்தில் டாஃப்னி குழந்தையோடு வருகிறாள். சைமன் இல்லை.

கறுப்பின ஆணுக்குக் காதலே தராமல் அதிகாரத்தை மட்டும் தந்து மரியாதை செய்வது தொடர்கள் கண்ட இன்னொரு வழி. 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' தொடரின் கேப்டன் டோபி, 'என்.ஒய்.பி.டி. ப்ளூ'வின் லெப்டினன்ட் ஃபேன்சி போன்ற மேலதிகாரிகளை நாம் பெரும்பாலும் மேசைக்குப் பின்னால்தான் பார்த்தோம்.

விதிவிலக்குகள் உண்டு. 2001 முதல் 2005 வரை வந்த 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' தொடரில் கறுப்பினக் காவலர் கீத் சார்ல்ஸும் வெள்ளையரான டேவிட் ஃபிஷரும் இணையர். அவர்கள் சண்டையிட்டார்கள், பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், இரு சிறுவர்களைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். கீத் யாருக்காகவும் தியாகம் செய்து மறையவில்லை; அவனுடைய சினத்துக்கும் ஏக்கத்துக்கும் ஐந்து பருவங்கள் இடம் கிடைத்தது. இறுதி அத்தியாயத்தில் எல்லாருடைய மரணத்தையும் காட்டும் வரிசையில் கீத் மட்டும் துப்பாக்கிச் சூட்டில் இறக்கிறான் என்பதை மறக்க முடியவில்லை என்றாலும், இந்த உறவு ஒரு நிறைவான சித்திரிப்பு. தமிழ்ப் பார்வையாளருக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு: 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில் தமிழ்ப் பின்னணி கொண்ட கைம்பெண் நளினிக்கும் கறுப்பின மருத்துவர் கிறிஸ் ஜாக்சனுக்கும் 2021ஆம் ஆண்டுப் பருவத்தில் துளிர்க்கும் நட்பு. கணவனை இழந்த துயரம் ஆறாததால் நளினி அதை முடித்துக்கொள்கிறாள். காரணம் நியாயமானது. ஆனால் நம் குடும்பங்கள் ஒரு கறுப்பின மருமகனை எப்படி எதிர்கொள்ளும் என்ற கேள்விக்குள் போகக் கிடைத்த அரிய வாய்ப்பு அதோடு கைநழுவிப்போனது.

கலப்புமணத்துக்கு ஆதரவு 1958இல் 4 விழுக்காடு, 2021இல் 94 விழுக்காடு என்கிறது காலப் கருத்துக்கணிப்பு. சட்டமும் பொதுக்கருத்தும் இவ்வளவு தூரம் வந்தபின், பார்வையாளர் ஏற்கமாட்டார் என்று இனியும் சாக்குச் சொல்ல முடியாது. கறுப்பின ஆணுக்கு வெள்ளைக் காதலியைத் தருவது தீர்வும் அல்ல. 'திஸ் இஸ் அஸ்' தொடரில் வெள்ளைக் குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த ராண்டல், கறுப்பினப் பெண்ணான பெத்தை மணந்து ஆறு பருவங்கள் காதலோடு வாழ்கிறான். ஸ்டெர்லிங் கே. பிரவுனுக்கு அந்தப் பாத்திரம் 2017இல் எம்மி விருது பெற்றுத் தந்தது. நாடகத் தொடரின் சிறந்த நாயகனுக்கான அந்த விருது ஒரு கறுப்பின நடிகருக்குக் கிடைத்தது 1998இல் 'ஹோமிசைட்' தொடருக்காக ஆண்ட்ரே பிராவர் பெற்றதற்குப் பின் அப்போதுதான். பிராவர் நடித்த பெம்பிள்டனும் மனைவியோடு வாழும் வாழ்க்கை கொண்ட பாத்திரம். அஞ்சுவதும் ஆசைப்படுவதும் மன்னிப்புக் கேட்பதும் மறுநாளும் அதே வீட்டில் விழிப்பதுமான முழு வாழ்வை எழுதினால், காதலி எந்த இனத்தவளாக இருந்தாலும் அந்த ஆண் திரையில் நிற்பான்.

ஊடக ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தொடர்களில் எத்தனை கறுப்பின முகங்கள் உள்ளன என்ற கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த அத்தியாயத்தில், யார் எடுத்த முடிவால், யாருடைய நன்மைக்காக அந்த ஆண் வெளியேறினான் என்பதையும் பதிவுசெய்யுங்கள்.