புறாத்தீவுக்கு ஒரு சீட்டு, கன்னியாவுக்கு ஒரு சீட்டு

திருகோணமலைக்கு வருபவர்கள் தவறாமல் காணும் இடங்கள் மூன்று. சுவாமிமலையின் உச்சியில் திருக்கோணேச்சரம், நிலாவெளிக் கடலில் புறாத்தீவு, அனுராதபுர வீதியிலிருந்து சற்றே விலகிக் கன்னியா வெந்நீர் ஊற்றுகள். கோணேச்சரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகலாம். நுழைவுச்சீட்டு என்ற பேச்சே இல்லை. மற்ற இரண்டுக்கும் சீட்டு உண்டு. அந்தச் சீட்டுகளின் விலையைப் பற்றி, புலம்பெயர்ந்த நண்பர்கள் ஊர் வந்து திரும்பும்போதெல்லாம் என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அவர்கள் பேசுவது பணத்தைப் பற்றி மட்டும் அன்று.

நுழைவுக்கட்டணம் ஏறுவதும் மக்கள் முணுமுணுப்பதும் உலகெங்கும் உள்ள கதைதான். கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து 1955 யூலையில் திறக்கப்பட்டபோது வாயிற் கட்டணம் ஒரு டொலர். உள்ளே சவாரிகளுக்குத் தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டும். அந்த முறை 1982 வரை நீடித்தது. 2024 அக்டோபரில் அதே பூங்காவில், கூட்டம் மிகுந்த நாளுக்கான ஒருநாட் சீட்டு 206 டொலராயிற்று. ஒவ்வோர் ஏற்றத்தின்போதும் அதன் இரசிகர்கள் கொதிக்கிறார்கள். 'இனி இந்தப் பக்கம் வரமாட்டோம்' என்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கோபத்தில் ஒரு செல்ல உரிமை இருக்கிறது. ஆனாலும் அது வணிகம். கட்டியவன் விலை சொல்கிறான், விரும்பியவன் வாங்குகிறான், விரும்பாதவன் வேறு பூங்காவுக்குப் போகிறான்.

திருகோணமலையில் இந்த நியாயம் அப்படியே பொருந்தாது. புறாத்தீவின் பவளப்பாறையை எந்த முதலாளியும் கட்டவில்லை. கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கு எவரும் அடுப்பு மூட்டவில்லை. இயற்கை தந்ததற்கும் முன்னோர் பேணியதற்கும் சீட்டு விற்கும்போது, சீட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பணம் திரட்டுகிறது. மற்றது, யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று வகுத்துச் சொல்கிறது. முதல் வேலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி எழுதுவதே என் நோக்கம்.

இந்த மண்ணின் பழைய ஒழுங்கு எப்படி இருந்தது என்பதற்குக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் சான்று. கவிராசவரோதயன் இயற்றியதாகக் கொள்ளப்படும் அந்நூல், குளக்கோட்டு மன்னன் கோயிலுக்கெனக் குடிகளை அமர்த்தி, தானத்தார், வரிப்பத்தார் என்று பகுத்து, யார் யார் என்னென்ன தொழும்பு செய்ய வேண்டும் என விதித்ததை விரிவாகக் கூறுகிறது. அதில் சமத்துவம் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. சாதிப் படிநிலை அதன் ஒவ்வொரு வரியிலும் உண்டு. ஆயினும் அந்த ஒழுங்கில் உரிமை என்பது கடமையிலிருந்து பிறந்தது. கடமை செய்தவனுக்கு அந்த இடம் சொந்தம். வாசலில் காசு கொடுத்து உரிமை வாங்கும் வழக்கம் அங்கே இல்லை.

அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் வாயிற்காவலர்கள். கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களையும் கொண்டு 1620களில் கோட்டை எழுப்பினர் போர்த்துக்கேயர். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1803இல் கோட்டைக்குப் பிரெடெரிக் கோட்டை என்று பெயரிட்டனர். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. துறைமுகத்தின் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அதன் பெரும்பகுதி 'உட்பிரவேசிக்கக் கூடாது' என்ற பலகைக்கு அப்பால்தான் இருந்தது. பின்னர் போர் வந்தது. கோயிலுக்குக் கோட்டை வாசலின் காவலரணைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. மீன்பிடிக்கக் கடலில் இறங்குவதற்கே படையினரின் அனுமதி வேண்டியிருந்தது. 'பாஸ்' என்ற ஆங்கிலச் சொல் எங்கள் பாட்டிமாரின் வாயிலும் தமிழாகிப் புழங்கிய காலம் அது. சீட்டைக் கண்டதும் இவ்வூர் மனம் ஏன் சுருங்குகிறது என்பதை இந்த வரலாறு தெரியாமல் விளங்கிக்கொள்ள முடியாது.

புறாத்தீவின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், பெரிதும் சிறிதுமாக இரண்டு பாறைத் திட்டுகள். மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்ந்ததால் அந்தப் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் கடற்படையினர் துப்பாக்கி சுடப் பழகும் இலக்காக அது பயன்பட்டது. 1963இல் சரணாலயமாயிற்று. 2003இல், போர்நிறுத்தக் காலத்தில், தேசியப் பூங்காவாகத் தரம் உயர்ந்தது. ஹிக்கடுவைக்கு அடுத்து இலங்கையின் கடல்சார் தேசியப் பூங்கா என்ற பெருமை அதற்கு உண்டு. மறு ஆண்டே ஆழிப்பேரலை. அதன் பின்னர் மீண்டும் போர். 2009க்குப் பின்னரே மக்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினர். கரையோரத்திலேயே நீந்தும் கருநுனித் துடுப்புச் சுறாக்களும் பவளப்பாறையும் பார்ப்போரை மயக்கிவிடும்.

இனி அங்குள்ள சீட்டின் கணக்கு. இலங்கையருக்கு ரூபாயில் ஒரு சிறு தொகை. வெளிநாட்டவருக்கு டொலரில் தலைக்கு ஒரு தொகை. நெடுநாள் நிலவிய விகிதம் வயதுவந்தவருக்குப் 10 டொலர். அதன்மேல் குழுவுக்குச் சேவைக் கட்டணம். எல்லாவற்றின் மேலும் பெறுமதி சேர் வரி. படகுக்கூலி வேறு. இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. டொலரில் குறித்த விலையை எவரும் உயர்த்தாமலே அது ரூபாயில் உயர்ந்துவிடும். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அந்த 10 டொலர் 2,000 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது, அதே 10 டொலர் 3,600 ரூபாய். வரியும் அப்படியே: 2019 டிசெம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்டது, 2024 சனவரியில் 18 வீதமாயிற்று. சீட்டு விற்கும் ஊழியர் பாவம். விலையை ஏற்றியது அவரல்லர், நாட்டின் பொருளாதாரம்.

டொலரில் உழைப்பவருக்கு இது பெரிய தொகை அன்று என்பது உண்மை. அப்படியானால் குறை எங்கே? சில ஆண்டுகளுக்கு முன் நிலாவெளியில் சீட்டு வாங்கும் இடத்தில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். பேச்சிலிருந்து கனடாவிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது. பாட்டியார் இங்கேயே இருப்பவர். அவருக்கு உள்ளூர்க் கட்டணம். அவருடைய மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வெளிநாட்டுக் கட்டணம். மகன் பணத்தை எண்ணிக் கொடுத்தார், முகத்தில் சலனமில்லை. பாட்டியார்தான் கேட்டார்: "தம்பி, இவன் இந்தக் கடலிலைதானே நீந்தப் பழகினவன், இவன் எப்பிடி வெளிநாட்டுக்காரன்?" ஊழியர் சிரித்தார்; பதில் சொல்லவில்லை. அவரிடம் விலைப்பட்டியல் இருந்தது. அந்தக் கேள்விக்கான விடை அதில் இல்லை.

ஊருக்கு வருவோரிடம் இதற்கு மூன்று விதமான எதிர்வினைகளைக் கண்டிருக்கிறேன். சிலர் பழைய அடையாள அட்டையைப் பெட்டியின் அடியில் பத்திரமாகக் கொண்டுவருகிறார்கள். சிலர் ஊர் உறவினரைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். சொந்த ஊரில் ஊமையாக நிற்க வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொல்லிக் கசந்தார். இன்னும் சிலர், 'நாட்டுக்கு ஒரு பத்து டொலர் போகட்டும்' என்று மனமுவந்து கொடுக்கிறார்கள். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 2011இல் நிறுத்தப்பட்ட அந்த வழி 2015இல்தான் மீண்டும் திறந்தது. அதற்கும் பெருந்தொகை வேண்டும். போருக்கு அஞ்சி ஓடியவர் எல்லோரும் விரும்பிக் குடியுரிமை மாற்றியவர் அல்லர்.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரட்டை விலை இலங்கையின் கண்டுபிடிப்பு அன்று. மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்பது 2018 முதலான விகிதம். சார்க் நாட்டவர் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் அங்கே 40 ரூபாயே கொடுத்தார். சிகிரியாவில் வெளிநாட்டவருக்கு நெடுங்காலம் 30 டொலர். சார்க் நாட்டவருக்கு அதில் பாதி. ஏழை நாட்டின் பள்ளிப்பிள்ளை தன் நாட்டின் செல்வத்தைச் சில ரூபாய்க்குப் பார்க்க வேண்டுமானால், வசதி படைத்த விருந்தாளி கூடுதலாகக் கொடுப்பது தவறன்று. அம்பாறையிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பேருந்து பிடித்து வரும் மாணவர்களுக்குப் புறாத்தீவின் சீட்டு எட்டாத விலையாகிவிட்டால், அதுவே பெரிய அநீதி. உள்ளூர்க் கட்டணத்தைக் காப்பது முதற்கடமை.

பவளப்பாறையின் நலனும் கட்டணத்துக்கு ஒரு காரணம் என்பார்கள். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் பல பவளத்திட்டுகள் வெளுத்து மடிந்தன. எஞ்சியவற்றுள் புறாத்தீவு மதிப்பு மிக்கது. ஆனால் விலை உயர்ந்தால் பாறை பிழைக்கும் என்பது முழு உண்மையன்று. பாறையை மிதித்து உடைக்கும் கால்களுக்குக் கடவுச்சீட்டு இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை படகு என்ற வரம்பும் அதைக் காக்கும் ஊழியரும் இருந்தால்தான் பவளம் வாழும். வாங்கும் காசில் எவ்வளவு அந்தப் பாறைக்குத் திரும்புகிறது, எவ்வளவு கொழும்புக்குப் போகிறது என்பதைச் சீட்டிலேயே ஒரு வரி அச்சிட்டுச் சொன்னால், கொடுப்பவரின் முணுமுணுப்பில் பாதி அடங்கிவிடும்.

கன்னியாவில் விடயம் வேறு. அங்கே வருபவர் எல்லோரும் உல்லாசப் பயணிகள் அல்லர். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்வதற்காக ஏழு இடங்களில் நிலத்தைக் குத்தினான், வெந்நீர் பெருகிற்று என்பது ஐதிகம். அதைப் பின்பற்றி, பெற்றோருக்கு அந்தியேட்டி செய்யத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வந்திருக்கின்றன. வெந்நீர் ஊற்றுகளை முன்னர் உள்ளூர்ப் பிரதேச சபை நிருவகித்தது. போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் அது தொல்லியல் திணைக்களத்தின் கைக்குப் போயிற்று. அவ்விடம் பண்டைய பௌத்த மடாலயத் தொகுதியின் பகுதி என்பது திணைக்களத்தின் நிலைப்பாடு. பழைய பிள்ளையார் கோயிலின் அத்திவாரம் இருந்த இடத்தில் தூபி அமைக்கும் முயற்சி எழுந்தபோது, 2019 யூலை 16இல் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் அங்கே கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

திருகோணமலை மாவட்டத்தில் பௌத்தம் இருந்ததை மறுப்பது வரலாறாகாது. கன்னியாவுக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரையில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு; அங்கே வழிபட்டவர்களுள் தமிழ்ப் பௌத்தரும் இருந்தனர். இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரே அதற்குச் சான்று. ஆகவே கன்னியாவின் கேள்வி, 'பண்டு யாருடையது' என்பதோடு முடிவதில்லை. இன்று அங்கே ஈமக்கடன் செய்ய வருபவர் யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்குவது என்பதும் அதில் அடக்கம். தாயின் அந்தியேட்டிக்கு வந்த மகன், தமிழ்க் குடும்பமோ சிங்களக் குடும்பமோ, உல்லாசப் பயணியின் வரிசையில் நின்று சீட்டு வாங்குவது முறையாகாது. சீட்டின் விலை பத்து ரூபாய் என்றாலும் அது முறையாகாது.

இதற்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் யுனெஸ்கோ மரபுரிமைச் சின்னம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஆனாலும் அங்கே நுழைவுச்சீட்டு இல்லை. வழிபாடு நடக்கும் இடம் என்பதே காரணம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்குச் சீட்டு, தஞ்சைக்குச் சீட்டில்லை. ஒரே துறை இந்த வேறுபாட்டைக் காண முடிகிறது. கன்னியாவிலும் அதைக் காண்பது அரிதன்று.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புறாத்தீவுக்குச் சீட்டு வேண்டும். வெளிநாட்டவர் கூடுதலாகக் கொடுப்பதும் சரி. ஆனால் இலங்கையில் பிறந்ததற்கான சான்றைக் காட்டுபவர், எந்த நாட்டுக் கடவுச்சீட்டை வைத்திருந்தாலும், உள்ளூர்க் கட்டணத்தில் உள்ளே போக வேண்டும். கடவுச்சீட்டில் பிறந்த இடம் என்ற வரி இருக்கிறது. அதைப் படிக்கச் சீட்டு விற்பவருக்கு ஒரு நிமிடம் போதும். அரசுக்கு இதனால் இழப்பு ஏற்படலாம். அவ்வளவு பெரிய இழப்பன்று. கன்னியாவில் கிரியைக்கு வருபவருக்குச் சீட்டே கூடாது.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு சொல். விலையைப் பற்றி நம்மவர்கள் விடும் பெருமூச்சு நியாயமானது. ஆனால் கோணேசர் கல்வெட்டின் காலத்து உரிமை, கடமையிலிருந்து வந்தது என்பதை நினைவில் வையுங்கள். புறாத்தீவுக்குப் போகும் நாளில் ஒரு பிளாஸ்டிக் போத்தலையும் அங்கே விடாமல் திரும்புங்கள்; பவளத்தின்மேல் பிள்ளைகளின் காலை வைக்கவிடாதீர்கள். ஊர் நம்முடையது என்று சொல்வதற்கு அதைவிட வலுவான சான்று எந்தச் சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை.